சோப்பு வரட்டும், எரிசோடா வேண்டாம்

சென்ற இதழின் கடைசிப் பக்கத்தில் மாதர் பிரிவின் அறிவிப்பை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். நவராத்திரிக்கு முன்னால் வீட்டிலேயே சோப்பு தயாரிக்கக் கற்றுக்கொடுக்கப் போகிறார்கள். கொலுவுக்கு வருகிறவர்களுக்கு வெற்றிலை பாக்கோடு வைத்துக் கொடுப்பதற்குப் பிளாஸ்டிக் டப்பாவும் குங்குமச் சிமிழும் வாங்கி வாங்கி அலுத்துப் போனவர்களுக்கு இது நல்ல யோசனைதான். கையால் செய்த சோப்பு ஒன்றைக் கொடுத்தால் வாங்குகிறவர் உபயோகிப்பார். பரணில் போட மாட்டார். இதைத் தொடங்கிய சகோதரிகளைப் பாராட்டுகிறேன்.

ஆனால் அந்த அறிவிப்பில் இரண்டு வரிகள் என்னை உறுத்துகின்றன. வகுப்பில் சேருகிறவர்களுக்கு ஆளுக்கு அரை கிலோ காஸ்டிக் சோடா மொத்த விலையில் வாங்கித் தரப்படும், வீட்டில் செய்து பழகலாம் என்பது ஒன்று. குழந்தைகளையும் அழைத்து வரலாம் என்பது இன்னொன்று. இந்த இரண்டையும் எடுத்துவிட வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன். சோப்பு காய்ச்சுவதை நம் சங்கத்துச் சமையற்கட்டில் செய்வோம். வீட்டுக்குச் சோப்பு போகட்டும். காஸ்டிக் சோடா போக வேண்டாம்.

ரசாயனத் தொழிற்சாலை ஒன்றின் பரிசோதனைக் கூடத்தில் பல வருஷங்கள் வேலை பார்த்தவன் என்பதால் எனக்கு இதில் கொஞ்சம் அக்கறை கூடுதல். பயம் கூடுதல் என்று நீங்கள் சொன்னாலும் மறுக்க மாட்டேன்.

முதலில் ஒரு தவறான எண்ணத்தைப் பற்றி. வீட்டில் செய்கிற சோப்பில் 'கெமிக்கல் கிடையாது' என்று பலர் சொல்கிறார்கள். அப்படி ஒரு சோப்பு உலகத்திலேயே இல்லை. எண்ணெயும் காரமும் சேர்ந்து ஒன்றையொன்று மாற்றிக்கொண்டால்தான் சோப்பு. குளிக்கிற கட்டி சோப்புக்கு அந்தக் காரம் சோடியம் ஹைட்ராக்ஸைடு. பள்ளிக்கூடப் புத்தகத்தில் எரிசோடா என்று படித்தோமே, அதுதான். கடையில் காஸ்டிக் சோடா. சரியாக அளந்து, சரியாகக் கலந்து, ஆற வைத்த சோப்பில் அது மிஞ்சுவதில்லை. முழுவதும் எண்ணெயோடு சேர்ந்து வேறு பொருளாகிவிடுகிறது. அதனால் செய்து முடித்த சோப்பைப் பற்றி எனக்குக் கவலையே இல்லை. நமக்குச் சவுக்காரம் என்று ஒரு பழைய சொல் இருக்கிறது. அந்தச் சொல்லுக்குள்ளேயே காரம் உட்கார்ந்திருப்பதைப் பாருங்கள்.

இன்னொன்றும் சொல்லுவார்கள், 'பாட்டி காலத்து முறை' என்று. எந்தப் பாட்டி? எனக்குத் தெரிந்த பாட்டிமார்கள் பயத்தம்மாவும் சீயக்காயும் அரப்பும்தான் தேய்த்துக் குளித்தார்கள். குழந்தைக்கு ரசாயனமே படக்கூடாது என்று நினைக்கிற இளம் தாய்க்குப் பயத்தம்மாவு டப்பாதான் சரியான வழி. அது கொட்டினால் எறும்பு வரும். வேறொன்றும் ஆகாது.

சரி, சோப்புதான் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். கணக்கைப் பார்ப்போம். 500 கிராம் தேங்காய் எண்ணெயைச் சோப்பாக்க ஏறக்குறைய 91 கிராம் காஸ்டிக் சோடா தேவை. தோலுக்கு மென்மையாக இருக்கட்டும் என்று நூற்றுக்கு ஐந்து பங்கு எண்ணெயை மாறாமல் விட்டுவைப்பது வழக்கம். அப்போது 87 கிராம் போதும். தண்ணீர் சுமார் 200 கிராம். எல்லாம் சேர்ந்து ஏழெட்டுக் கட்டிகள் வரும். நாலு பேர் உள்ள குடும்பத்துக்கு இரண்டு மாதம் தாராளமாக ஓடும். நல்லெண்ணெயோ சூரியகாந்தி எண்ணெயோ என்றால் இன்னும் குறைவு. 500 கிராமுக்கு 65 கிராம் அளவில் முடிந்துவிடும்.

அறிவிப்பு தரப்போவதோ அரை கிலோ. 87 போனால் மீதி 413 கிராம்.

என் வாதம் முழுவதும் இந்த 413 கிராமைப் பற்றியதுதான். சோப்பு காய்ச்சுகிற அந்த ஒரு மணி நேரம் எல்லோரும் ஜாக்கிரதையாகத்தான் இருப்பார்கள். கையுறை இருக்கும், ஜன்னல் திறந்திருக்கும், குழந்தையை அண்டை வீட்டில் விட்டிருப்பார்கள். புதிய காரியம், கொஞ்சம் பயம், அதனால் கவனம். அடுத்த சோப்பு காய்ச்ச இரண்டு மூன்று மாதமாகும். அந்த இரண்டு மூன்று மாதமும் பாக்கெட் வீட்டில் இருக்கும். பயம் இருக்காது. பயம் முதல் வாரத்திலேயே தீர்ந்துவிடும், பாக்கெட் தீராது.

நம் வீடுகள் எப்படிப்பட்டவை என்று எனக்குச் சொல்லத் தேவையில்லை. டோம்பிவிலியிலும் அம்பர்நாத்திலும் ஒரு படுக்கையறை, ஒரு ஹால், ஒரு சமையற்கட்டு. பூட்டி வைக்கத் தனி அறை எங்கே இருக்கிறது? ஸிங்குக்குக் கீழே, கிரில் போட்ட பால்கனியில் பழைய செய்தித்தாள் கட்டுக்குப் பின்னால், அல்லது லாஃப்டில் கொலுப்படிப் பலகைகளோடு. ஸிங்குக்குக் கீழே என்பது தவழ்கிற குழந்தையின் கண் மட்டம். லாஃப்ட் உயரம்தான், ஆனால் அங்கே வைத்ததை நாம் மறந்தே போவோம். கொலுப் பெட்டியை இறக்கும்போது அதுவும் சேர்ந்து இறங்கும்.

இதில் நம் ஊர் மழையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். காஸ்டிக் சோடா காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். உப்பு ஈரிப்பதைப் பார்த்திருக்கிறோம். இது அதைவிடப் பலமடங்கு. வாய் சரியாக மூடாத பாக்கெட்டில் ஜூன் மாதம் கெட்டியாக இருந்தது, ஆகஸ்டில் பிசுபிசுவென்று நீராகிக் கசியும். அலமாரிக் கீழ்த்தட்டில் ஒரு கை அகலத்துக்கு ஈரம். பார்க்கத் தண்ணீர். மோந்து பார்த்தால் வாசனையும் கிடையாது. யாராவது வெறுங்கையால் துடைப்பார்கள். அல்லது துடைப்பதற்கு முன் குழந்தை கை வைக்கும், கை வாய்க்குப் போகும்.

கசிகிறதே என்று அக்கறையுள்ள இல்லத்தரசி என்ன செய்வாள்? இறுக மூடுகிற பாட்டில் ஒன்றில் மாற்றி வைப்பாள். எல்லார் வீட்டிலும் பழைய ஹார்லிக்ஸ் பாட்டில் இருக்கிறது, ஊறுகாய் ஜாடி இருக்கிறது, குளிர்பான பாட்டில் இருக்கிறது. அந்த நிமிஷத்தில்தான் அபாயம் பல மடங்காகிறது. ஒரு வகைக் காஸ்டிக் சோடா செதில் செதிலாக இருக்கும். தூரத்திலிருந்து பார்த்தால் அவல். இன்னொரு வகை குட்டிக் குட்டி உருண்டையாக வரும், ஜவ்வரிசியேதான். கரைத்து வைத்ததோ நிறமில்லாத தண்ணீர். ஹார்லிக்ஸ் பாட்டிலில் அவல் இருந்தால் குழந்தை மட்டுமா கை விடும்? கண் புரை வளர்ந்திருக்கிற பாட்டியும் எடுத்துத் தாளிக்கப் போவாள்.

பெயரும் நமக்கு எதிராகத்தான் வேலை செய்கிறது. ஆசிட் என்றால் எல்லோருக்கும் நடுக்கம். 2013-இல் உச்ச நீதிமன்றம் ஆசிட்டின் சில்லறை விற்பனைக்குக் கட்டுப்பாடு விதித்தது முதல் அந்தச் சொல்லுக்கு இன்னும் பயம் கூடியிருக்கிறது. சோடா என்றால்? தாகத்துக்குக் குடிப்பது சோடா. இட்லி மாவில் ஒரு சிட்டிகை போடுவது ஆப்பசோடா. துணிக்குச் சலவை சோடா. இந்த வரிசையில் நாலாவதாக ஒன்று வந்து நிற்கிறது. குழந்தையிடம் 'அது காரம், தொடாதே' என்று சொன்னாலும் பயனில்லை. தமிழ்க் குழந்தைக்குக் காரம் என்றால் மிளகாய். தொட்டு நக்கிப் பார்த்து 'ஸ்ஸ்' என்று சிரிக்கிற விஷயம்.

லேபிள் ஒட்டி வைத்தால் போதாதா என்று கேட்கலாம். எந்த மொழியில் ஒட்டுவீர்கள்? நம் வீடுகளில் பாட்டிக்குத் தமிழ்தான் படிக்க வரும். வேலைக்கு வருகிற அம்மாளுக்கு மராட்டி தெரிந்தால் உண்டு. பேரன் பள்ளியில் இங்கிலீஷும் ஹிந்தியும் படிக்கிறான். அவனைத் தமிழ் எழுத்துப் படிக்க வைக்க நாம் ஞாயிற்றுக்கிழமை வகுப்பு நடத்திக்கொண்டிருக்கிறோம். ஆக, ஒரு பாட்டிலுக்கு நான்கு மொழி வேண்டும். அப்படி நான்கு மொழியில் எழுதினாலும், வாயில் போட்டுப் பார்த்தே உலகத்தைத் தெரிந்துகொள்கிற இரண்டு வயதுக் குழந்தைக்கு எந்த மொழியும் படிக்கத் தெரியாது.

இது உடம்பை என்ன செய்யும் என்பதையும் சொல்லியாக வேண்டும். விவரம் தெரியாமல் வெறுமனே 'ஆபத்து' என்றால் யாரும் காதில் போட்டுக்கொள்வதில்லை. ஆசிட் பட்ட இடம் பொருக்குத் தட்டும். அந்தப் பொருக்கு ஓரளவு தடுப்பாக நிற்கும். காரம் அப்படி நிற்காது. திசுவைக் கரைத்துக்கொண்டே உள்ளே இறங்கும். கையில் பட்டால் முதலில் வழவழவென்று இருக்கிறதே, அது நம் தோலிலுள்ள கொழுப்பே சோப்பாக மாறுகிற வழவழப்பு. எரிச்சல் பிறகுதான் தெரியவரும். கண்ணில் தெறித்தால் சில நிமிஷங்களில் பார்வைக்கே கேடு.

விழுங்கினால்தான் மிகக் கொடுமை. தொண்டையிலிருந்து இரைப்பைக்குப் போகிற உணவுக்குழாய் வெந்து போகிறது. அன்றைக்குப் பிழைத்துக்கொண்டாலும் கதை முடிவதில்லை. புண் ஆறும்போது தழும்பு சுருங்குகிறது. சில வாரங்களில் குழாய் குறுகி, முதலில் சோறு இறங்காது, பிறகு கஞ்சி இறங்காது, மோசமானால் எச்சிலே இறங்காது. மயக்கம் கொடுத்து அந்தக் குழாயை அகலப்படுத்துவார்கள். ஒரு தடவையோடு போகாது; மாதக்கணக்கில், சிலருக்கு வருஷக்கணக்கில் திரும்பத் திரும்பப் போக வேண்டியிருக்கும். அதுவும் பலிக்காவிட்டால் குடலிலோ இரைப்பையிலோ ஒரு பகுதியை எடுத்து உணவுக்குழாய் இருந்த இடத்தில் வைத்துத் தைக்கிற பெரிய ஆபரேஷன். ஒரு விரல் நுனியில் ஒட்டியிருந்த செதிலுக்காக.

இது புதிதாக நான் கண்டுபிடித்துச் சொல்வதல்ல. அமெரிக்காவில் நூறு வருஷத்துக்கு முன் நடந்ததைச் சொல்கிறேன். அங்கே அப்போது வீட்டில் சோப்பு காய்ச்சவும் தரை கழுவவும் இதே காரத்தைத் தகர டப்பாவில் மளிகைச் சாமான் போல விற்றார்கள். ஷெவலியே ஜாக்ஸன் என்ற தொண்டை மருத்துவர், முதலில் பிட்ஸ்பர்க்கிலும் பிறகு ஃபிலடெல்ஃபியாவிலும் இருந்தவர், இப்படி உணவுக்குழாய் குறுகிப் போன குழந்தைகளுக்குச் சிகிச்சை செய்தார். குழாய்க்குள் கருவியை விட்டுப் பார்க்கும் முறையை வளர்த்ததில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. அத்தனை கைத்திறன் உள்ளவர், சிகிச்சையோடு நிற்கவில்லை. டப்பாவின் மேல் 'விஷம்' என்று அச்சிட வேண்டும் என்று பல வருஷங்கள் அலைந்தார். 1927-இல் அதற்கான சட்டம் வந்தது. லேபிள் மட்டும் போதவில்லை என்பதால் 1970-இல் இன்னொரு சட்டம் செய்து, குழந்தையால் எளிதில் திறக்க முடியாத மூடிகளுக்கு வழி செய்தார்கள். பொடியாகவோ செதிலாகவோ உள்ள வீட்டு உபயோகப் பொருளில் இந்தக் காரம் நூற்றுக்குப் பத்து பங்கு இருந்தாலே அங்கே அந்த மூடி கட்டாயம்.

நாம் ஹார்ட்வேர் கடையில் வாங்குவதில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேல் அதுவேதான். பாலிதீன் பையில் நிறுத்துப் போட்டு, ரப்பர் பாண்டு சுற்றிக் கொடுக்கிறார்கள்.

இனி என் நண்பர்கள் சொல்லக்கூடிய மறுப்புகள். 'நாங்கள் என்ன சின்னக் குழந்தையா, கவனமாக இருக்க மாட்டோமா?' என்பது முதலாவது. தொழிற்சாலையில் நாங்கள் எல்லோரும் படித்தவர்கள்தான், பயிற்சி பெற்றவர்கள்தான். இருந்தாலும் கண்ணாடி போடாமல் காஸ்டிக் இருக்கிற பகுதிக்குள் நுழைய முடியாது. பத்தடிக்குள் தலையோடு தண்ணீர் கொட்டுகிற ஷவரும், கண் கழுவுகிற குழாயும் இருக்கும். எங்கள் கவனத்தை நம்பி யாரும் அங்கே விதி எழுதவில்லை. கவனம் தவறும் என்று தெரிந்துதான் எழுதினார்கள். அங்கே குக்கர் விசில் அடிக்காது, கூரியர்காரர் மணி அடிக்க மாட்டார், இடுப்பில் குழந்தை இருக்காது. இவ்வளவும் உள்ள இடத்தில் அவ்வளவு விதியும் இல்லாமல் அதே பொருளைக் கையாளச் சொல்கிறோம்.

'எங்கள் வீட்டில் குழந்தை இல்லையே' என்பது அடுத்தது. நவராத்திரியில் சாயங்காலம் ஆறு மணிக்கு உங்கள் வீட்டில் எத்தனை குழந்தைகள் என்று எண்ணிப் பாருங்கள். அம்மாமார்கள் பாட்டுப் பாடிக்கொண்டிருக்க, சுண்டல் கிண்ணத்தோடு பால்கனிக்கு ஓடுகிறவை எத்தனை? சொந்த வீட்டுக் குழந்தைக்காவது எந்த அலமாரி கூடாது என்று தெரியும். வந்த குழந்தைக்கு எல்லாமே புதிது, எல்லாமே திறந்து பார்க்க வேண்டியது.

மூன்றாவது மறுப்பு நியாயமானது. 'பினாயிலும் கக்கூஸ் கழுவுகிற திராவகமும் எல்லார் வீட்டிலும் இருக்கின்றனவே, அதற்கு என்ன சொல்கிறீர்கள்?' உண்மை. அடைத்த குழாய்க்குப் போடுகிற பொடிப் பாக்கெட்டுகள் பலவற்றிலும் இதே காஸ்டிக் சோடாதான் இருக்கிறது. அவற்றையும் இன்றைக்கே ஸிங்குக்கு அடியிலிருந்து எடுத்து உயரத்தில் பூட்டி வையுங்கள் என்றுதான் சொல்வேன். ஆனால் ஏற்கெனவே இரண்டு பாம்பு இருக்கிறதே என்று மூன்றாவதை நாமே வாங்கி வருவதில்லை. அதுவும் சங்கத்தின் பெயரில், மொத்த விலையில், ஆளுக்கு அரை கிலோ வீதம்.

ஆகவே என் யோசனை இது. சனிக்கிழமை ஒன்றில் இரண்டு மணி நேரம் சங்கத்துச் சமையற்கட்டை எடுத்துக்கொள்வோம். வேண்டிய அளவு காஸ்டிக் சோடாவைச் சங்கம் வாங்கட்டும். அது சங்கத்தின் அலமாரியில், வாங்கிய பாக்கெட்டிலேயே, மூடியுள்ள தடித்த பிளாஸ்டிக் டப்பாவுக்குள் இருக்கட்டும். சாவி ஒரே ஒருவரிடம். ஒரு தடவைக்கு ஆறு பேருக்கு மேல் வேண்டாம். எண்ணெயை அவரவர் கொண்டு வரலாம். எந்த எண்ணெய், எத்தனை கிராம் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால் காரத்தைக் கணக்குப் போட்டு வைக்கலாம். கிராம் காட்டுகிற தராசு அவசியம். கைப்பிடி, கரண்டி அளவெல்லாம் சாம்பாருக்குச் சரி.

செய்முறையில் சில விஷயங்களை மட்டும் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். அலுமினியப் பாத்திரம் கூடவே கூடாது. காஸ்டிக் அலுமினியத்தைத் தின்றுவிடும், தீப்பற்றக்கூடிய ஹைட்ரஜன் வாயுவும் வரும். நம் சங்கத்தில் பந்திக்குரிய அண்டா, அடுக்கு முக்கால்வாசி அலுமினியம். அதனால்தான் இதை முதலில் சொல்கிறேன். எவர்சில்வர் வேண்டும். கண்ணாடிப் பாத்திரமும் வேண்டாம், சூட்டில் விரிசல் விடும். இதற்கென்று ஒதுக்கிய பாத்திரம் பிறகு சமையலுக்குத் திரும்பக்கூடாது. அடுத்து, குளிர்ந்த தண்ணீரில் காஸ்டிக்கைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும். காஸ்டிக் மேல் தண்ணீரை ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். சரியாகச் செய்தாலே, அடுப்பில்லாமலேயே அந்தத் தண்ணீர் 80 டிகிரியைத் தாண்டக்கூடும். ஆவியின் மேல் குனியாமல் ஜன்னலோரமாக நின்று கலக்க வேண்டும். பக்கவாட்டும் மூடிய கண்ணாடி, ரப்பர் கையுறை, முழுக்கை. சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொள்ளுங்கள். ஹாலில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் நுழைகிறோம். அன்றைக்கு மட்டும் மூடிய காலணியோடு சமையற்கட்டுக்குள் போக நிர்வாகக் குழு அனுமதிக்க வேண்டும். பிள்ளையார் கோபித்துக்கொள்ள மாட்டார்.

அச்சில் ஊற்றியதோடு வேலை முடிந்தது என்று வீட்டுக்குத் தூக்கிப் போகக்கூடாது. இதைப் பலர் யோசிப்பதில்லை. எண்ணெயும் காரமும் சேர்ந்து முடிய ஓரிரு நாள் ஆகும். அதுவரை அந்தக் கட்டியிலும் காரம் இருக்கிறது. தட்டில் ஊற்றி வைத்த புதுச் சோப்பு எப்படி இருக்கும் தெரியுமா? அசல் தேங்காய் பர்பி. மஞ்சள் தூள் சேர்த்தால் மைசூர்பாகு. தட்டோடு மேஜையில் ஆற வைத்தால் எந்தக் குழந்தையும் ஓரத்தைக் கிள்ளாமல் போகாது. ஆகையால் தட்டுகள் இரண்டு நாள் சங்க அலமாரியிலேயே பூட்டியிருக்கட்டும். பிறகு கையுறையோடு வெட்டி அடுக்கி, நாலிலிருந்து ஆறு வாரம் காற்றாட உலர வைத்தால் ஈரம் போய்க் கட்டி இறுகும். அப்போதுதான் வீட்டுக்கு. புரட்டாசியில் கொலு என்றால் ஆடியிலேயே காய்ச்சியாக வேண்டும் என்பதையும் மாதர் பிரிவு கவனிக்க வேண்டும்.

குழந்தைகளுக்கு ஆசையாக இருக்காதா என்று கேட்பீர்கள். அவர்களுக்கு வேறு நாளில் வேறு வகுப்பு வைப்போம். காரம் எல்லாம் சேர்ந்து முடிந்த சோப்பு பேஸ் கட்டிகள் கடையில் கிடைக்கின்றன. பெரியவர்கள் அதை உருக்கி ஊற்றலாம். உருகியது சுடும் என்பதைத் தவிர வேறு அபாயம் இல்லை. நிறம் சேர்ப்பதும், வேப்பிலைப் பொடி தூவுவதும், அச்சிலிருந்து யானையையும் மீனையும் பெயர்த்தெடுப்பதும் பிள்ளைகள் வேலை. காய்ச்சுகிற நாளில் மட்டும் ஒரு குழந்தைகூட அந்தக் கட்டடத்தில் வேண்டாம். அடுத்த அறையில் டி.வி. போட்டு உட்கார வைப்போம் என்பதும் வேண்டாம். நடுவில் ஒன்று 'அம்மா' என்று அழுதுகொண்டு வரும்; அம்மா கையுறையோடு திரும்புவாள்.

நான் எவ்வளவு சொன்னாலும் சிலர் வீட்டில்தான் செய்வார்கள். அவர்களிடம் வாதாடப் போவதில்லை. கிடைப்பதில் மிகச் சிறிய பாக்கெட்டை வாங்குங்கள், இரண்டு மூன்று குடும்பம் சேர்ந்து ஒரே நாளில் அதை முழுவதும் தீர்த்துவிடுங்கள். பிள்ளைகள் இன்னொரு பெரியவரோடு வீட்டை விட்டே வெளியே போயிருக்கட்டும். மீதி வைக்காதீர்கள். தின்பண்டம் வைக்கிற பாத்திரத்தில் ஒருபோதும் மாற்றாதீர்கள்.

விபத்து நேர்ந்தால் என்ன செய்வது என்பது எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும். சோப்பு செய்யாத வீடுகளுக்கும் இது பொருந்தும். தோலில் செதில் ஒட்டியிருந்தால் முதலில் உலர்ந்த துணியால் தட்டிவிட்டு, பட்ட உடையைக் கழற்றி, குழாயைத் திறந்து நிறையத் தண்ணீர் விடுங்கள். கண்ணில் பட்டால் இமையைப் பிரித்துப் பிடித்து இருபது முப்பது நிமிஷம் விடாமல் தண்ணீர் ஓட விட வேண்டும். குழந்தை கதறும், நிறுத்தக்கூடாது. கழுவி முடித்ததும் கண் மருத்துவரிடம் ஓடுங்கள். விழுங்கியிருந்தால் வாயைக் கொப்பளிக்க வைத்து உடனே பெரிய ஆஸ்பத்திரி, 112-ஐ அழைக்கலாம். பாக்கெட்டையும் கையோடு எடுத்துப் போங்கள். வாந்தி எடுக்க வைக்காதீர்கள். போகும்போது சுட்டது வரும்போதும் சுடும். உப்புத் தண்ணீர், புளித் தண்ணீர் எதுவும் கொடுக்காதீர்கள். வினிகரோ எலுமிச்சைச் சாறோ ஊற்றினால் காரம் முறிந்துவிடும் என்று ஒரு நம்பிக்கை உலவுகிறது. காரமும் புளிப்பும் சேரும்போது சூடு எழும். வெந்த இடத்தில் மேலும் சூடு. நேரமும் வீணாகும். வாய்க்குள் புண் இல்லையே என்று வீட்டிலேயே இருந்துவிடவும் கூடாது. வாய் நன்றாக இருந்து உள்ளே வெந்திருக்கலாம். குழந்தை எச்சில் விழுங்காமல் வழியவிட்டால், பால் வேண்டாம் என்று தள்ளினால், அது பிடிவாதம் இல்லை. தில்லி எய்ம்ஸ் மருத்துவமனையில் 1995-இலிருந்து தேசிய விஷ முறிவுத் தகவல் மையம் இயங்குகிறது. 1800 116 117 என்ற கட்டணமில்லா எண்ணை ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டி வையுங்கள்.

கடைசியாக, ஏற்கெனவே பாதிப் பாக்கெட் வீட்டில் வைத்திருப்பவர்கள் நம்மில் சிலர் இருக்கிறார்கள். அதைக் குப்பைத் தொட்டியில் போடாதீர்கள். நகராட்சித் தொழிலாளி கையால்தான் பிரிக்கிறார். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போன பிறகு, கண்ணாடியும் கையுறையும் போட்டுக்கொண்டு, பிளாஸ்டிக் வாளி நிறையக் குளிர்ந்த தண்ணீரில் ஸ்பூன் ஸ்பூனாகக் கரைத்துக் குளியலறைச் சாக்கடையில் ஊற்றி, மேலும் இரண்டு வாளி தண்ணீர் விடுங்கள். அன்றைக்கு அதே குழியில் கழிவறை கழுவுகிற ஆசிட்டை ஊற்றக்கூடாது. கட்டியாக இறுகிப் போயிருந்தால் சுத்தியலால் உடைக்க வேண்டாம், துண்டு தெறிக்கும். அப்படிப்பட்டதையும் பிரிக்காத பாக்கெட்டையும் அப்படியே இன்னொரு டப்பாவுக்குள் வைத்து என்னிடம் கொடுத்தால் போதும். ஞாயிறு காலை பத்து மணியிலிருந்து சங்க அலுவலகத்தில் இருப்பேன்.